வழியோரக் குகை: முதலில் அதன் நெற்றியைப் பாருங்கள்

"இதுக்குத்தானோ தம்பி வானை நிப்பாட்டினது?"

வாரண விகாரைக் குன்றில், முன்னுக்குத் தள்ளி நின்ற ஒரு பெரிய பாறையின் கீழே நின்றுகொண்டு மாமி கேட்டார். வெள்ளவத்தையில் விடியப் புறப்பட்டுக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். திஹாரியப் பக்கம் வரும்போது, கிட்டத்தான் பழைய குகைகள் இருக்கின்றன, அரை மணித்தியாலத்தில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது நான். மாமி எதிர்பார்த்த குகை வேறு. குனிந்து நுழைய வேண்டும், உள்ளே இருட்டாக இருக்க வேண்டும், கூப்பிட்டால் குரல் திரும்பி வர வேண்டும். இங்கே பத்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது. மூலை வரைக்கும் வெளிச்சம்.

"குகை எண்டால் உள்ளுக்குப் போக வேணுமெல்லே?"

கேள்வி நியாயமானது. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கோ இரத்தினபுரிப் பக்கமோ போகும் எவரும் வழியில் "லென" என்று முடியும் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கினால், பெரும்பாலும் இந்த ஏமாற்றம்தான் முதலில் வரும். லென என்றால் சிங்களத்தில் குகை. ஆனால் அந்தச் சொல்லும், நம்முடைய குகை என்ற சொல்லும், ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இரண்டு பொருள்களைச் சுமக்கின்றன. அந்த வேறுபாடு பிடிபட்டால், பத்து எட்டுக் குகைக்குள்ளும் அரை மணித்தியாலம் போதாது.

கரைந்த குகையும் உதிர்ந்த குகையும்

இருட்டும் ஆழமும் உள்ள குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் உண்டாகின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு வழியாகிறது, வழி அறையாகிறது. கரைந்த சுண்ணாம்பைச் சுமந்த துளி கூரையில் தொங்கும்போது காபனீரொட்சைட்டு காற்றுக்குப் போய்விட, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கல்விழுது என்பது இப்படித் துளித்துளியாகப் படிந்ததுதான். அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே பெரிய காரியம். ஆகவே கைபட்டு உடையும் ஒரு விரல் நீள விழுது, பல நூறு ஆண்டு வேலை.

நம்மவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நிலத்துக்குள் இறங்கி, கல்லுக்குள் இருக்கும் பொந்துகளில்தான் தேங்குகிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு என்று நாம் போய் எட்டிப் பார்ப்பது, கூரை இடிந்து விழுந்த ஒரு நிலத்தடிக் குகையின் வாயைத்தான். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குகையைத் தேடித் தெற்கே வந்த மாமி, பிறந்து வளர்ந்ததே குகைகளின் மேல்தான்.

தெற்கில் சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டுமென்றால் எம்பிலிப்பிட்டிய வழியில் பல்லேபெத்தவுக்கு அருகே வவுல்பனே இருக்கிறது. வவுல் என்றால் வௌவால், பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் அது வழியில் இறங்கி எட்டிப்பார்க்கிற இடமல்ல, அதற்கென்று ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் சுண்ணாம்புக்கல் அல்ல. 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறிய கடும் பாறை. நைஸ் என்பார்கள். வெட்டிய துண்டைப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஓடும். இது மழையில் கரையாது. அப்படியானால் இதில் குகை எப்படி?

இது உதிர்கிறது. ஆழத்தில் பெரும் பாரத்தின் கீழே உருவான பாறை, மேலேயிருந்த மண்ணும் கல்லும் அரித்துப்போய் வெளிக்கு வரும்போது பாரம் இறங்கிய மூட்டைபோல விரிகிறது. விரிவதால் வெங்காயத் தோல்மாதிரி ஏடு ஏடாக வெடிக்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் அந்த வெடிப்புகளை இன்னும் விரிக்கின்றன. பாறைக்குள் இருக்கும் பெல்ஸ்பார் என்ற கனிமம் நீரோடு சேர்ந்து மெல்ல மெல்லக் களியாகிவிடும். குவார்ட்ஸ் அப்படி மாறாது, ஆனால் தன்னைப் பிடித்து வைத்திருந்தது போய்விட்டால் அதுவும் மணலாகக் கொட்டிவிடும். எந்தப் பட்டையில் ஈரம் கூடுதலாகத் தங்குகிறதோ, அந்தப் பட்டை முதலில் உதிரும். பெரும்பாலும் அது பாறையின் அடிப்பக்கம். மண்ணோடு ஒட்டி, நிழலில், காயாமல் கிடக்கும் பக்கம். அடி உள்வாங்க, மேல் அப்படியே நிற்க, கூரை உண்டாகிறது. வாரணவில் மாமி நின்ற இடம் அப்படிப்பட்டதுதான். சில இடங்களில் உருண்டு வந்த பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையில் ஓர் அறையை விட்டுவைத்திருக்கும். அதையும் குகை என்றே அழைக்கிறோம்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டு அறிஞர்கள் இந்தப் பாறைக்கூரைகளைக் குகைத்தளம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். நுழையும் இடமல்ல, தங்கும் இடம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

இயற்கைக் குகையா, மனிதர் குடைந்ததா என்பதையும் இதே கண்ணால் பார்க்கலாம். அதே கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கிற அந்தத் துளைத்த பாறை குகை அல்ல. 1820களில் ஆங்கிலேயர் வீதி போட்டபோது குடைந்தது. அந்த வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தபின் எழுப்பிய கோபுரம் மேலே கடுகண்ணாவையில் நிற்கிறது. துளை இருபக்கமும் திறந்து, வண்டி போகும் அளவில் இருக்கும். இயற்கை உதிர்த்த குகைக்கு அப்படி ஓர் அளவுத்திட்டம் கிடையாது. அது ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தவழும் அளவுக்குத் தாழ்ந்து, பாறைப் பட்டைகள் போன போக்கிலேயே போயிருக்கும்.

நெற்றியில் ஒரு கோடு

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

குகைத்தளத்தின் முன்னே வந்ததும் உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள். பாறைக்கூரையின் முன் விளிம்பில், நெற்றியில் இழுத்த கோடுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வெட்டு ஓடுகிறதா? ஓடினால், 2,000 ஆண்டுகளுக்கு முன் உளியோடு ஒருவர் அங்கே சாரம் கட்டி நின்றிருக்கிறார். தமிழில் அதற்குப் பெயர் காடி. சிங்களத்தில் கட்டாரம் என்பார்கள்.

எதற்காக அந்தக் கோடு? தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகச் சரித்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நேரே விழாமல் கோப்பையின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடிவரை ஓடிவரும். தண்ணீருக்குப் பரப்போடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பாறையிலும் அதுவே நடக்கிறது. உச்சியில் விழுந்த மழை சரிவில் ஓடி வந்து, விளிம்பில் கீழே விழாமல், பாறையின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடும். வெளியே மழை நின்றபிறகும் குகைக்குள் மழை. ஆனால் விளிம்பில் ஒரு காடி வெட்டிவிட்டால், உள்ளே ஓடிவரும் நீர் அந்தக் கூர் ஓரத்தில் நின்றுவிடும். அதைத் தாண்ட நீர் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏற முடியாமல் அங்கேயே திரண்டு, பாரமாகி, சொட்டிவிடும். ஒரு விரல் அகலத்து வெட்டு, பாறை இடுக்கை வீடாக்கிவிடுகிறது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட்டின் அடிப்பக்கத்தை ஒருதரம் பாருங்கள். நல்ல மேசன் பாஸ் கட்டியதானால் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு சிறு பள்ளக்கோடு ஓடும். கோடு விடாத வீட்டில் சுவரில் பாசி ஒழுகியிருக்கும். குகைக்குக் காடி வெட்டியவர் அறிந்திருந்ததும் இதைத்தான்.

இப்படிக் காடி வெட்டிய குகைகள் இலங்கையில் ஏராளம். பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டியிருந்தது. ஊரவரும் பிரபுக்களும் குகையைத் துப்புரவாக்கிக் காடி வெட்டிக் கொடுத்தார்கள். மதுரையைச் சுற்றிய குன்றுகளில், மாங்குளம் போன்ற இடங்களில், சமணத் துறவிகளுக்கும் இதே வேலைதான் செய்யப்பட்டது. அங்கே கல்லில் படுக்கையும் வெட்டியிருப்பார்கள். சமயம் வேறு, கடலும் குறுக்கே. மழை ஒன்றுதான்.

காடிக்குக் கீழே, பாறையின் நெற்றியில், சில குகைகளில் எழுத்து இருக்கும். பிராமி எழுத்து. வட்டம், சிலுவை, ஏணிக்கால் போன்ற வடிவங்கள். தேடாத கண்ணுக்கு அது உளிக்கொத்தலாகவே தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து சட்டென்று எழுந்து வரும். கைபேசி விளக்கை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தாலும் அப்படியே. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரையான இவ்வெழுத்துகளைத் தொல்பொருள் ஆணையாளராக இருந்த செனரத் பரணவிதான தொகுத்து 1970இல் வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேல் வரும். பெரும்பாலானவை ஒரே வரிதான்: இன்னாருடைய குகை, சங்கத்துக்கு. "பருமக" என்ற பட்டம் அடிக்கடி வரும். நம் காதுக்கு அது பெருமகன் என்று விழும். பரணவிதான அதை வடமொழிப் பிரமுக என்பதோடு சேர்த்தார். கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் தவிர வேறு பெருமை எதுவும் அந்த வரியில் இல்லை.

தரையில் இருப்பது

நெற்றியைப் பார்த்த பிறகு தரை.

விளிம்புக்கு நேர் கீழே மண்ணில் சிறு சிறு குழிகள் வரிசையாக இருக்கும். ஆண்டாண்டாகத் துளி விழுந்து உண்டானவை. அந்த வரிசைக்கு வெளியே பாசியும் புல்லும், உள்ளே தூசி. அந்தத் தூசியில் கூம்பு கூம்பாகப் பள்ளங்கள் தெரிந்தால், அவை குழியானைப் பூச்சியின் வேலை. நனையாத மண்ணில்தான் அது வீடு கட்டும். இந்த இடம் உண்மையில் காய்ந்த இடம் என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி தேவையில்லை.

மனிதரும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள், துறவிகளுக்கு மிக மிக முன்பே. களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்களவுக்கு அப்பால் யட்டகம்பிட்டியவில் உள்ள பாஹியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் ஆட்கள் வாழ்ந்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு, அங்கே கிடைத்த எலும்பு முனைகளை அம்பு முனைகள் என்று இனங்கண்டது. குரங்கும் அணிலும் அவர்களுடைய முக்கியமான இறைச்சி. மரத்தின் உச்சியில் ஓடும் பிராணியைப் பிடிக்கக் கல்லெறிந்தால் போதாது, வில் வேண்டும். கித்துல்கலவுக்கு அருகே பெலிலெனவில் 1970களின் இறுதியில் தொல்பொருள் திணைக்களம் தோண்டியபோது, 30,000 ஆண்டுப் பழைமையுள்ள சிறு குவார்ட்ஸ் கருவிகள் வந்தன. நகத்தளவு, முக்கோணமும் பிறையுமாகச் செதுக்கியவை. சாப்பிட்ட மர நத்தைகளின் ஓடு, காட்டு ஈரப்பலாவின் கரிந்த மிச்சம் எல்லாம் அங்கே இருந்தன. குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலெனவில், கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், கடற்சிப்பியில் செய்த மணிகள். காட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கரையோடு போக்குவரத்து இருந்திருக்கிறது.

இவ்வளவும் தெரியவந்தது தரை மண்ணால். கீழே பழையது, மேலே புதியது என்று ஏடு ஏடாக அது அடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் குச்சியால் கிண்டினாலோ, நினைவுக்கென்று ஒரு குவார்ட்ஸ் சில்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாலோ, அந்த அடுக்குக் குலைந்துவிடும். கருவி எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் கருவி வெறும் கல். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி இது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் தயவுசெய்து செய்யாதீர்கள். சுவரில் பெயர் எழுதுவதும் அப்படித்தான். 2,000 ஆண்டு நின்ற எழுத்தின் மேல் சோக்கட்டியால் இரண்டு காதலர் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

கொழும்பிலிருந்து

கொழும்பின் நிலத்தடியில் பெரும்பாலும் கபுக் எனப்படும் சிவந்த மென்கல், குகைக்கு வழியில்லை. கிழக்கே போகப் போகக் குன்றுகள் எழும்புகின்றன, குகைகளும் கூடவே. முதல்முறை பார்ப்பவருக்கு நான் சொல்வது கம்பஹா மாவட்டத்தைத்தான். கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் வாரண. கம்பஹாவைக் கடந்து பிலிக்குத்துவ. இரண்டிலும் காடி வெட்டிய குகைகள் பல, ஏற்றமும் பெரிதில்லை. ஹற்றன், நுவரெலியா போகிறவர்களுக்கு அவிசாவளைக்கு அப்பால் கித்துல்கல வழியில் வரும். பெலிலென பிரதான வீதியிலிருந்து விலகி மேலே ஏறவேண்டிய இடம். அங்கே தேநீருக்கு நிற்கும் நேரத்தில் போய்வர முடியாது, இரண்டு மணித்தியாலமாவது வையுங்கள். எல்லவில் இராவணன் குகையைப் பார்க்க நூற்றுக்கணக்கான படி ஏறவேண்டும். கால்நோவுள்ள மாமிமாரை வீதியோரத்திலுள்ள இராவணா எல்ல நீர்வீழ்ச்சியிலேயே இருத்திவிட்டுப் போவது உத்தமம்.

வாரணவும் பிலிக்குத்துவவும் விகாரைகள். செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடி, புத்தர் சிலைக்கு முதுகுகாட்டிப் படம் எடுக்காமல் பார்க்க வேண்டும். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் போனால் பக்தர்களுக்கு இடைஞ்சல், நமக்கும் பார்க்க முடியாது. "லென கொஹெத?" என்று கேட்டால் எவரும் வழி காட்டுவார்கள். வெறுங்காலில் ஏறுவதால் நண்பகலைத் தவிருங்கள், பாறை தோசைக்கல்லாகியிருக்கும்.

பாம்புக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது குளவிக்கு. உயரமான பாறைக்கூரையின் கீழே கூடு கட்டும். தோட்டப்புறத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளுங்கள், குளவி கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்வார்கள். உள்ளே போகுமுன் அண்ணாந்து பார்ப்பதற்கு அது இரண்டாவது காரணம். கூடு கண்டால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள், வாசனைத் தெளிப்பானும் அன்றைக்கு வேண்டாம். வௌவால் தொங்கும் மூலையில் எச்சத் தூசியைக் கிளப்பக்கூடாது. அதில் வளரும் பங்கசு நுரையீரலைத் தாக்கக்கூடும். ஆஸ்துமாக்காரர் வெளியிலேயே நிற்கட்டும். ஈரவலயத்தில் அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் போதும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் குகையை மறந்துவிடுங்கள். பாறை உதிர்ந்துதான் குகை உண்டாகிறது என்றேனே, அந்த உதிர்தல் இன்னும் நிற்கவில்லை.

அன்றைக்கு வாரணவில் எங்களுக்கு வந்தது சாதாரண மழைதான். மாமி கேட்ட கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே சடசடவென்று பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் பாறையின் நெற்றி முழுவதும், அந்தக் காடி ஓடிய நீளத்துக்கு, மணிகோத்த திரைபோலத் தண்ணீர் இறங்கியது. எங்களுக்கும் அதற்கும் இரண்டு முழ இடைவெளி. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. மாமி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டவர், பிறகு மெதுவாக இறக்கிவிட்டார். கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"வெட்டினவன் கெட்டிக்காரன்தான். பேர் எழுதியிருக்கோ?"

கொடுத்தவர்கள் பெயர் சில இடங்களில் இருக்கும் மாமி, வெட்டினவர் பெயர் இருக்காது என்றேன்.

"எங்கட ஆக்கள் குடுத்ததும் இருக்கோ?"

இருக்கிறது. வவுனியா மாவட்டத்தில் பெரியபுளியங்குளத்தில் ஒரு குகைக் கல்வெட்டு, அதைக் கொடுத்தவரைத் "தமெட வணிஜ கஹபதி விசாக" என்கிறது. தமெட என்றால் தமிழ். தமிழ் வணிகன், இல்லறத்தான் விசாகன். அவருடைய குகை.

மழை விட்டு, படியிறங்கி, வானில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகும் மாமி அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாவனல்லை தாண்டும்போது கேட்டார்: "வாற மாதம் யாழ்ப்பாணம் போகேக்கை வவுனியாவில எவ்வளவு நேரம் நிப்பாட்டலாம்?"